மூவொருவரும் மூவரும்

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரமாகச் செல்லும் சாலையில் பயணம் செய்பவர்களின் கண்ணுக்குத் தெரிவன கன்டெய்னர் லாரிகளின் முடிவற்ற வரிசையும், புகைபோக்கிகளும், அலையைத் தடுக்கக் கொட்டப்பட்ட கருங்கற்களும்தாம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இச்சாலை வேறொரு வகையிலும் அறிமுகமானது. சமயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த நிலம் இது. இராயபுரம் என்னும் பெயரே இராயப்பரிடமிருந்து, அதாவது புனித பேதுருவிடமிருந்து வந்தது என்பர். அவர் பெயரால் அங்கு நிற்கும் கோயிலைப் படகோட்டிச் சமூகத்தினர் 1829இல் தம் பொருளைக் கொண்டு எழுப்பினர். அதே இராயபுரத்தில் 1910 முதல் பார்சிகளின் தீக்கோயில் ஒன்றும் இருக்கிறது. சற்று வடக்கே போனால் திருவொற்றியூர். தியாகராசரும் வடிவுடையம்மனும் கோயிலுக்குள். பட்டினத்தார் கடற்கரைச் சமாதியில்.

இந்த வரிசையில், வந்து சுவடின்றிப் போன ஒரு சமயமும் உண்டு. 1853ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ரிச்சர்ட் பாலண்டைன் என்பவர் தம் தோழர்களுடன் கல்கத்தாவிலிருந்து கப்பலேறி மதராஸ் வந்து சேர்ந்தார். ஸ்காட்லாந்தில் பிறந்து, அமெரிக்காவின் யூட்டா பகுதியில் குடியேறியவர். நாம் வழக்கமாக ‘மார்மன்கள்’ என்று சொல்லும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவர். (‘மார்மன்’ என்பது பிறர் இட்ட பெயர், முழுப் பெயரால் அழைக்கப்படுவதையே தாங்கள் விரும்புவதாக அச்சபையின் தலைமை 2018இல் வலியுறுத்தியது. இக்கட்டுரையில் சுருக்கம் கருதிப் பழைய பெயரையும் ஆள்கிறேன்.) அப்போது மதராஸுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிடும். ஆணியே அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகுகள் அலைகளைத் தாண்டிச் சென்று ஆட்களையும் சரக்கையும் கரை சேர்க்கும். ஆகவே புதிய நற்செய்தியோடு வந்தவர்களும், பழைய நற்செய்தியை ஏற்றிருந்த படகோட்டிகளை நம்பியே இம்மண்ணில் கால் வைத்திருக்க வேண்டும்.

பாலண்டைன் ஓராண்டு இங்கே தங்கினார். பெரும்பாலும் ஐரோப்பியரிடமும் ஆங்கிலம் அறிந்தவர்களிடமும் பேசினார். 1854இல் மதராஸிலேயே ஒரு மாத இதழை அச்சிட்டார். திருமுழுக்குப் பெற்றவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அவரைப் போன்ற நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பல நாடுகளுக்கும் அனுப்புவதாக அறிவித்த அதே 1852 ஆகஸ்ட் மாநாட்டில்தான், பலதார மணம் தங்கள் கொள்கை என்பதையும் அச்சபை உலகறிய ஒப்புக்கொண்டிருந்தது. அந்தச் செய்தி போதகர்களுக்கு முன்பே ஊர்களைச் சென்றடைந்துவிட்டது. பலதார மணத்தை அச்சபை 1890இல் கைவிடுவதாக அறிவித்தது. ஆனால் 1854இல் பாலண்டைன் திரும்பிப் போகும்வரை மதராஸில் அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மனைவியரின் எண்ணிக்கையைச் சுற்றியே நடந்தது. கடவுளைப் பற்றி அவர்கள் சொன்னது அதைவிடப் பெரிய மாறுபாடு. அது யார் கண்ணிலும் அவ்வளவாகப் படவில்லை.

ஏறத்தாழ நூற்று அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த மாறுபாடு ஒரு திருமணப் பேச்சின் வழியாக என்னிடம் வந்து சேர்ந்தது.

*

என்னிடம் இளங்கலைத் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி, கத்தோலிக்கக் குடும்பம். தந்தையார் துறைமுகத்தில் கிரேன் இயக்குபவராக இருந்து ஓய்வு பெற்றவர். 2019இல் அவளுக்கும் எண்ணூர்ப் பக்கம் ஒரு நிறுவனத்தில் உடன் பணிபுரிந்த இளைஞனுக்கும் மணம் பேசினார்கள். இளைஞனின் பெற்றோர் கொங்கு நாட்டிலிருந்து வந்தவர்கள், மார்மன் சபையினர். சாதி பற்றியோ சீர்வரிசை பற்றியோ சிக்கல் எழவில்லை. அவள் பங்கின் அலுவலகத்தில் மணமகனின் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டபோதுதான் எழுந்தது. தென்னிந்தியத் திருச்சபையிலோ லுத்தரன் சபையிலோ பெற்ற ஞானஸ்நானம் என்றால் செல்லும், இது செல்லாது, மணமகன் ஞானஸ்நானமே பெறாதவராகத்தான் கருதப்படுவார், ஆயரிடமிருந்து தனி விலக்களிப்புப் பெற வேண்டும் என்றார்கள்.

தந்தையார் மகளையும் அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். “சார், அவங்களும் பிதா, சுதன், ஆவின்னு சொல்லித்தானே தண்ணியில முழுக்கி எடுத்திருக்காங்க? அதே வார்த்தைதானே? வார்த்தை ஒண்ணா இருந்தா அர்த்தமும் ஒண்ணுதானே சார்?” என்று கேட்டார்.

நான் இறையியல் கற்றவனல்லன், பிறப்பால் சைவன். ஆனால் அவர் கேட்டது என் துறைக்குள் வருகிற கேள்வி. சொல் ஒன்றாகவே இருக்கப் பொருள் வேறுபடுமா என்பதைத்தான் இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் பேசிக்கொண்டிருக்கிறேன். சில வாரங்கள் படித்தேன். அந்த இளைஞனையும் இரண்டு மூன்று முறை சந்தித்துப் பேசினேன். அறிந்துகொண்டவற்றை இங்கே தொகுத்துச் சொல்வது, இத்தகைய குடும்பங்கள் பெருகிவரும் காலத்தில் பயன்படலாம்.

*

அந்தப் பங்கு அலுவலகம் தானாக எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 2001ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் இதே கேள்விக்கு விடையளித்திருக்கிறது. மார்மன் சபையில் அளிக்கப்படும் ஞானஸ்நானம் செல்லுமா? செல்லாது. பின்னாளில் பதினாறாம் பெனடிக்ட் ஆன இராட்சிங்கர் அப்போது அதன் தலைவர். அடுத்த மாதம் லூயிஸ் லதாரியா என்ற இறையியலாளர் அதற்கு ஒரு விளக்கம் எழுதினார். தண்ணீர் இருக்கிறது, சொற்களும் இருக்கின்றன. ஆனால் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று சொல்லும்போது சொல்பவர் கருதும் பொருள் அடிப்படையிலேயே வேறு. ஆகவே அங்கே அழைக்கப்படுவது திருச்சபை அறிந்த மூவொரு கடவுள் அல்லர் என்பது அதன் சாரம்.

மறுபக்கமும் அப்படித்தான். அப்போஸ்தலர்களின் காலத்துக்குப் பின் திருச்சபை வழிதவறியது. குருத்துவ அதிகாரம் உலகிலிருந்து எடுக்கப்பட்டு, 19ஆம் நூற்றாண்டில் ஜோசப் ஸ்மித் வழியாகத்தான் மீட்டளிக்கப்பட்டது என்பது மார்மன் நம்பிக்கை. ஆகவே கத்தோலிக்கரோ லுத்தரனோ அங்கே போய்ச் சேர்ந்தால் மீண்டும் முழுக்குப் பெற்றாக வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் மறுப்பதில் ஒரு நேர்மை இருக்கிறது என்றே எனக்குப் பட்டது. இரு தரப்பும் சொல்லைவிடப் பொருளைப் பெரிதாக மதிக்கிறார்கள்.

அப்படியென்றால் அந்தப் பொருள் வேறுபாடு எது?

மரபான கிறித்தவத்திலிருந்து தொடங்கலாம். கி.பி. 325இல் நிசேயாவில் கூடிய சங்கம், மகன் தந்தையோடு ஒரே பொருளாக இருப்பவர் என்று வரையறுத்தது. இங்கே ‘பொருள்’ என்பது ‘உள்ளது’, ‘சாரம்’ என்ற கருத்தில் வருவது. மூவர் ஆட்களாக வேறுபட்டவர்கள். ஆனால் மூன்று கடவுளர் அல்லர். தந்தைக்கு உடல் இல்லை, உறுப்பு இல்லை, தோற்றம் இல்லை, மாற்றம் இல்லை. அவரன்றி உள்ள அனைத்தும், மனித ஆன்மா உட்பட, அவரால் ஒன்றுமில்லாமையிலிருந்து படைக்கப்பட்டவை. இந்தக் கடைசிக் கூற்றுத்தான் அடித்தளம். படைத்தவர் ஒரு வகை, படைக்கப்பட்டவை வேறொரு வகை. இடையிலுள்ள பள்ளத்தை மனிதன் எவ்வளவு உயர்ந்தாலும் தன் இயல்பால் தாண்ட முடியாது. கடவுள்தான் இறங்கி வந்தார். அதுவே கிறிஸ்து பிறப்பின் அதிசயம்.

ஜோசப் ஸ்மித் (1805–1844) இந்தப் பள்ளத்தையே ஏற்கவில்லை. 1820இல், தம் பதினான்காம் வயதில், நியூயார்க் மாநிலத்து மரத்தோப்பு ஒன்றில் வேண்டிக்கொண்டிருந்தபோது தந்தையும் மகனும் இரு தனி ஆட்களாகத் தமக்குத் தோன்றியதாக அவர் பின்னர் எழுதினார். 1830இல் மார்மன் நூல் வெளிவந்தது. அவ்வாண்டே சபையும் நிறுவப்பட்டது. 1833இல் அவர் அளித்த வெளிப்பாடு ஒன்று, மனிதனின் அறிவுச்சாரம் படைக்கப்பட்டதல்ல, படைக்கப்படக் கூடியதுமல்ல என்றது. 1843இல் அளித்த போதனை, தந்தைக்கு மனிதருடையதைப் போன்றே தொட்டறியக்கூடிய சதையும் எலும்புமான உடல் உண்டு, மகனுக்கும் அவ்வாறே, பரிசுத்த ஆவியானவர் மட்டும் ஆவியுருவானவர் என்றது. ஆவி என்பதுகூடப் பருப்பொருள்தான், மிக நுண்ணியது என்றும் அவர் சொன்னார். 1844 ஏப்ரலில், இலினாய் மாநிலத்து நாவூ நகரில், காலமான நண்பர் ஒருவரின் நினைவாக ஆற்றிய உரையில் இன்னும் ஒருபடி மேலே சென்று, கடவுளும் ஒருகாலத்தில் நம்மைப் போல் இருந்தவரே என்றார். உலகம் ஒன்றுமில்லாமையிலிருந்து வரவில்லை. ஏற்கெனவே இருந்த பொருளைக் கடவுள் ஒழுங்குபடுத்தி அமைத்தார். இரண்டரை மாதம் கழித்து, ஜூன் 27 அன்று, கார்த்தேஜ் சிறையில் கும்பல் ஒன்று அவரைச் சுட்டுக் கொன்றது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் வரும் சித்திரம் இது: தந்தை, மகன், ஆவி மூவரும் மூன்று தனி ஆட்கள்; சாரத்தால் ஒருவர் அல்லர், நோக்கத்தால் ஒருமித்தவர்கள். மனிதர் கடவுளின் கைவினைப் பொருட்கள் அல்லர். சொல்லுக்குச் சொல் அவருடைய பிள்ளைகள். பிள்ளை வளர்ந்து தந்தையைப் போல் ஆவது போல, கீழ்ப்படிந்து நடப்பவர்கள் கிறிஸ்துவின் பரிகாரத்தால் தந்தையைப் போல் ஆக முடியும். மேன்மைப்படுதல் என்று அவர்கள் சொல்வது இதைத்தான். கடவுள் முன்பு மனிதராக இருந்தார் என்ற பகுதியை இன்றைய தலைமை அவ்வளவாக எடுத்துப் பேசுவதில்லை. கடவுளைப் போல் ஆதல் என்ற பகுதியை 2014இல் வெளியிட்ட விளக்கக் கட்டுரையில் அச்சபை வெளிப்படையாகவே உறுதி செய்திருக்கிறது.

ஆக, கடவுளுக்கும் மனிதனுக்கும் இடையே மரபுக் கிறித்தவம் காண்பது வகை வேறுபாடு. மார்மன்கள் காண்பது வளர்ச்சி வேறுபாடு. உடல், மூவர், படைப்பு என்று மற்ற மாறுபாடுகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவை.

*

தமிழாசிரியன் என்ற முறையில் என்னை மிகவும் ஈர்த்தது இதிலுள்ள இலக்கணச் சிக்கல். எபிரேய மறைநூலின் முதல் வசனத்தில் கடவுளைக் குறிக்கும் ‘ஏலோகிம்’ என்ற சொல் வடிவத்தால் பன்மை. அதன் வினையோ ஒருமை. கிறித்தவ உரையாசிரியர்கள் வினையைப் பிடித்துக்கொண்டார்கள். கடவுள் ஒருவரே, பன்மை வடிவம் மாட்சிமையைக் குறிப்பது என்றார்கள். சிலர் அதில் திரித்துவத்தின் சாயலையும் கண்டார்கள். 1836இல் கர்ட்லாந்து நகரில் எபிரேயம் பயின்ற ஜோசப் ஸ்மித் பெயர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டார். தம் கடைசி மாதங்களின் உரைகளில், அது பன்மைதான், தேவர்கள் என்றே பொருள் என்று வாதிட்டார். ஒரு விகுதியில் ஒரு சமயமே பிரிகிறது!

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் சுவையானது. ‘வந்தார்’ என்பதிலுள்ள ‘ஆர்’ பழைய இலக்கணப்படி பலர்பால் விகுதி. பிற்காலத்தில் அது உயர்வுப் பன்மையாகி ஒருவரைக் குறிக்கலாயிற்று. பலரைக் குறிக்க ‘கள்’ சேர்த்து ‘வந்தார்கள்’ என்றோம். ஆகவே ‘கடவுள் இருக்கிறார்’ என்று வாய்நிறையச் சொல்லும் ஒவ்வொரு தமிழ்க் கிறித்தவரும் வடிவத்தில் பன்மையாகவும் பொருளில் ஒருமையாகவும் உள்ள வினையைத்தான் சொல்கிறார். ஏலோகிம் என்ற புதிருக்கு நம் மொழியில் ஒரு தங்கை இருக்கிறாள். பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரையும் எழுவாயாக நிறுத்தி, வினையை ‘ஆட்சி செய்கிறார்’ என்று முடித்தால் அது நிசேயா. ‘ஆட்சி செய்கிறார்கள்’ என்று முடித்தால் அது நாவூ. துறைமுகத் தொழிலாளியின் கேள்விக்கு என்னிடமிருந்த மிகச் சுருக்கமான விடை இதுதான். ‘மூவொரு கடவுள்’ என்ற தமிழ்த் தொடரை ஆக்கியவர் எவராயினும் கைதேர்ந்த சொல்லறிஞர். மூன்றையும் ஒன்றையும் இடைவெளியின்றி ஒட்டியிருக்கிறார். மார்மன்கள் அந்த ஒட்டைப் பிரித்து மூவரையும் அருகருகே நிறுத்துகிறார்கள்.

கடவுளுக்கான பெயரே தமிழில் பல கைகள் மாறி வந்திருக்கிறது. சீகன்பால்கும் பழைய கத்தோலிக்கரும் சருவேசுரன் என்றார்கள். வேப்பேரியில் வாழ்ந்த ஃபபிரிசியஸ் பராபரன் என்றார். 19ஆம் நூற்றாண்டின் கூட்டு மொழிபெயர்ப்பு தேவன் என்றது. இன்றைய திருவிவிலியம் கடவுள் என்கிறது. ஒவ்வொரு சொல்லும் சைவமோ வேதாந்தமோ முன்பு குடியிருந்த வீடு. புதிதாகக் குடிபுகுந்தவர்கள் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அடித்தளத்தை மாற்றினார்களா என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்க்குத் தெரிவதில்லை.

*

இங்கே நம்மவர்களுக்கு ஒரு சபலம் வரும். எனக்கும் வந்தது. ஆன்மா படைக்கப்படாதது, இல்லாததிலிருந்து எதுவும் தோன்றாது, உலகத்துக்கு மூலப்பொருள் அநாதியாக உண்டு என்பவையெல்லாம் மெய்கண்டார் சொன்னவையல்லவா? பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி என்ற சித்தாந்தத்தோடு இது எவ்வளவு நெருக்கம்! மார்மன்கள் அமெரிக்கச் சைவர்கள் என்று சொல்லிவிடலாமா?

கூடாது. படைப்பு பற்றிய நெருக்கம் மெய்; கடவுள் பற்றிய தூரமும் மெய். சித்தாந்தத்தின் பதி அருவம், அருவுருவம், உருவம் என மூன்று நிலைகளிலும் நிற்பவன். ஆனால் அந்த உருவம் அருளால் கொள்வது, வினையால் வந்த உடல் அன்று. அவன் ஒருகாலும் பசுவாக இருந்ததில்லை. இளங்கோவடிகளும் சிவனைப் பிறவாத உடம்புடையவன் என்ற பொருளில்தான் குறிக்கிறார். முத்தியிலும் ஆன்மா சிவத்தோடு இரண்டறக் கலந்து இன்பம் நுகருமேயன்றி, சிவனாகி ஐந்தொழில் செய்வதில்லை. தாள், தலை இரண்டும் சேர்ந்து ‘தாடலை’ ஆவதை ஆசிரியர்கள் இதற்கு உவமை காட்டுவார்கள். இரண்டு சொற்கள் ஒரு சொல்லாகின்றன. ஆனால் தாள் தாளாகவும் தலை தலையாகவுமே நிற்கின்றன.

முத்தி பெற்ற ஆன்மா சிவனுக்குச் சமமாகி ஐந்தொழிலும் புரியும் என்று சொன்னவர்களும் நம்மிடையே இருந்தார்கள். அவர்களுக்குச் சிவசமவாதிகள் என்று பெயர். உமாபதி சிவம் 1313இல் இயற்றிய சங்கற்பநிராகரணத்தில் அவர்களின் கொள்கையையும் எடுத்துக்கொண்டு மறுக்கிறார். தமிழ்ச் சிந்தனை மரபில் ஜோசப் ஸ்மித்துக்கு நெருங்கிய உறவினர் யாரேனும் உண்டென்றால் அது அந்தச் சிவசமவாதிதான். அதிலும் முழு ஒப்புமை இல்லை. மேன்மைப்பட்டோரும் தந்தையை என்றென்றும் தந்தையாகவே வணங்குவார்கள் என்பது மார்மன் நம்பிக்கை. ஆனால் நம் முன்னோர் ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வியை எழுப்பி, பெயரிட்டு, வாதாடி முடித்திருக்கிறார்கள் என்பதை மாணவர்களுக்குச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் வியப்பு எனக்குப் பிடிக்கும்.

இன்னொரு தற்செயல். பாலண்டைன் மதராஸில் பேசிக்கொண்டிருந்த 1853, 1854ஆம் ஆண்டுகளில், முப்பது வயதை எட்டிய ஒருவர் ஏழுகிணற்றில் வாழ்ந்தபடி திருவொற்றியூர்க் கோயிலுக்கு வந்துகொண்டிருந்தார். இராமலிங்க வள்ளலார் 1858இல்தான் சென்னையை விட்டு நீங்கினார். மனித உடலே சுத்த தேகமாய், பிரணவ தேகமாய், ஞான தேகமாய் மாறி இறவாநிலை எய்தும் என்று பின்னாளில் சொன்னவர். உடலைச் சிறையென்று இகழாத இரு சமயப் பார்வைகள் ஒரே நகரில், ஒன்றையொன்று அறியாமல் நடமாடியிருக்கின்றன. ஒன்று ஆங்கிலத்தில் பேசியது; மற்றது தமிழில் பாடியது.

*

வேறுபாடு தத்துவ நூல்களோடு நின்றிருந்தால் அந்தத் தந்தைக்கும் மகளுக்கும் கவலையில்லை. மார்மன் கொள்கையில் தெய்வநிலை தனியாள் அடைவது அன்று. கணவனும் மனைவியுமாக அடைவது. உயர்ந்த மேன்மைக்கு, சபையின் தேவாலயத்தில் நித்தியத்துக்கும் முத்திரையிடப்பட்ட மணம் வேண்டும். இதன் வேர் அவர்களின் கடவுள் கொள்கையிலேயே இருக்கிறது. தந்தையோடு ஒரு விண்ணகத் தாயும் உண்டு என அவர்கள் நம்புகிறார்கள். 1995இல் அச்சபை வெளியிட்ட குடும்பம் பற்றிய அறிக்கை மனிதரை விண்ணகப் பெற்றோரின் பிள்ளைகள் என்றே சொல்கிறது. ஆனால் அந்தத் தாயை நோக்கி வேண்டுதல் செய்வதில்லை. இதைக் கேட்டதும் மாணவியின் பாட்டி, “சாமிக்குப் பொஞ்சாதியா?” என்று சிலுவை போட்டுக்கொண்டாராம். வடிவுடையம்மனை நாள்தோறும் வணங்கும் என் தாயாருக்கோ, தாய் இருந்தும் வேண்டுதல் இல்லை என்பதுதான் புரியவில்லை. “அம்மா இருக்கும்போது அவகிட்ட கேக்காம வேற யாருகிட்டக் கேப்பாங்க?” என்றார்.

கத்தோலிக்கத் திருமணமோ சாவு பிரிக்கும் வரைதான். மறுமையில் கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை என்று கிறிஸ்துவே கூறியதாக நற்செய்தி சொல்கிறது. அந்த இளைஞனுக்கு அதுதான் வலித்தது. “ஐயா, அவளோட சாகற வரைக்கும்னு ஒப்பந்தம் போட எனக்கு விருப்பமில்ல. எப்பவும்னு சொல்லத்தான் ஆசை. ஆனா அதைச் சொல்ல எங்க ஆலயத்துக்குள்ள அவ வர முடியாது” என்றான். உறுப்பினர் அல்லாதவர் அந்த ஆலயங்களுக்குள் நுழைய இயலாது. இந்தியாவில் முதல் ஆலயத்தைப் பெங்களூருவில் கட்டப்போவதாக அச்சபை 2018இல் அறிவித்திருந்தது. ஆனால் அப்போது அடிக்கல்கூட நாட்டப்படவில்லை. 2020 டிசம்பரில்தான் வேலை தொடங்கியது. முத்திரை மணம் வேண்டியவர்கள் கடல் கடந்துதான் போக வேண்டியிருந்தது.

பெண்ணின் பக்கம் வேறு சுமை. ஞானஸ்நானம் பெறாதவரை மணக்கும் கத்தோலிக்கர், பிள்ளைகளுக்குக் கத்தோலிக்க ஞானஸ்நானம் கிடைக்கத் தம்மால் இயன்றதையெல்லாம் செய்வதாக வாக்களிக்க வேண்டும். மற்றவர் அதை அறிந்திருக்க வேண்டும். மார்மன் வழக்கத்தில் எட்டு வயதுக்குமுன் முழுக்கில்லை. பச்சிளங்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதை மார்மன் நூலே கண்டிக்கிறது. பிறக்காத பிள்ளையின் தலையில் விழப்போகும் தண்ணீர் இப்போதே இரு வீடுகளுக்கிடையே ஓடத் தொடங்கிவிட்டது.

எல்லாம் ஒன்றுதான், யேசு ஒருவர்தான், சண்டை எதற்கு என்று உறவினர்கள் சமாதானம் பேசினார்கள். மார்மன்கள் கிறித்தவர்களே அல்லர், பேச்சே வேண்டாம் என்று வேறு சிலர் அறுத்துப் பேசினார்கள். இரண்டுமே அவ்விருவருக்கும் உதவவில்லை. முதல் கூற்று, அவர்கள் உயிரினும் மேலாகக் கருதிய நம்பிக்கையை ஒன்றுமில்லாததாக ஆக்கியது. இரண்டாவது, கிறிஸ்துவைத் தன் மீட்பர் என்று கண்ணீரோடு சொல்லும் ஒருவனிடம் நீ சொல்வது பொய் என்றது. நான் அவர்களிடம் சொன்னது இவ்வளவே: நிசேயாவின் வரையறையால் கிறித்தவத்தை அளந்தால் மார்மன்கள் அதற்கு வெளியே நிற்கிறார்கள். கிறிஸ்துவை ஆண்டவராக ஏற்பதால் அளந்தால் உள்ளே நிற்கிறார்கள். எந்த அளவுகோலைக் கையில் எடுத்திருக்கிறோம் என்பதை மறைக்காமல் சொன்னால் போதும். வேறுபாட்டைத் தெரிந்து மணப்பவர்கள் ஒருவரையொருவர் ஏமாற்ற மாட்டார்கள்.

விலக்களிப்புக் கிடைத்தது. பங்குக் கோயிலில் எளிமையாக மணம் நடந்தது. இருவரும் அவரவர் சபையிலேயே இருக்கிறார்கள். அவன் விரும்பிய ‘எப்பவும்’ இன்னும் அவனுக்குக் கிடைக்கவில்லை. அவள் கொடுத்த வாக்கும் இன்னும் நிறைவேற வேண்டிய வாக்காகவே இருக்கிறது.

தமிழ்நாட்டு மார்மன்களின் வரலாற்றில் முதலில் சொல்லப்படும் பெயர்களுள் ஒன்று, கோயம்புத்தூரில் 1965இல் முழுக்குப் பெற்ற எஸ். பால் திருத்துவதாஸ் என்பது. சபைத் தலைவர்களோடு கடிதத் தொடர்பு கொண்டு சேர்ந்தவர். ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளை நடத்தியவர். பிறப்போடு வந்த அவர் பெயரைப் பாருங்கள். திருத்துவத்தின் தாசர்! நிசேயாவின் திருத்துவத்தை ஏற்காத சபையில் அவர் அந்தப் பெயராலேயே அறியப்பட்டார்; வரலாற்று நூல்களிலும் அப்பெயராலேயே இருக்கிறார். யாரும் அதை மாற்றச் சொன்னதாகத் தெரியவில்லை. மாற்றத் தேவையும் இல்லை. பழைய வீட்டில் புதிய பொருள் குடியிருப்பது தமிழ்ச் சொற்களுக்குப் பழகிப்போன ஒன்றுதானே. உள்ளே இருப்பவர் யார் என்று கதவைத் தட்டிக் கேட்பதை மட்டும் நாம் விட்டுவிடக் கூடாது.